மூழ்கிய கப்பலும் அதன் தலைவனும்

வென்றவனைப் புகழ்வதற்குப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டுவதில்லை. ஊர் கூடிப் புகழும்போது நாமும் உடன் சேர்ந்துகொண்டால் போதும். தோற்றவனை எடைபோடுவதுதான் கடினம். இரக்கம் ஒரு பக்கம் இழுக்கும். சினம் மறு பக்கம் இழுக்கும். துலாக்கோலைப் பிடித்த கை நடுங்காமல் இருந்தால்தான் நிறை சரியாகத் தெரியும்.

இந்தக் கடினமான பணியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழ்ப் பெண்பாற் புலவர் செய்து காட்டியிருக்கிறார். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியதால், அதைப் புறப்புண் என்று நாணி, சேரன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் வெற்றி பெற்ற கரிகாலனையே நோக்கி, உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டார். புறநானூற்றில் அப்பாடல் இன்றும் இருக்கிறது. போரில் யார் வென்றார் என்பது ஒரு கணக்கு. யார் எப்படி நடந்துகொண்டார் என்பது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டாமல் தனித்தனியே பார்த்த பெருமை அந்தக் குயத்தியாருக்கு உண்டு.

இதை நான் எண்ணிப் பார்க்கக் காரணம், நம் வரலாற்று மன்றத்தில் எழுந்த ஒரு சொற்போர். 1971ஆம் ஆண்டுப் போரைப் பற்றிய கூட்டம் அது. பேச்சு எங்கெங்கோ சுற்றி, மூழ்கிப்போன ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பலில் வந்து நின்றது. “கப்பலோடு உயிர் விட்டாரே, அவரல்லவா தலைவன்!” என்றார் ஒரு நண்பர். “கிட்டத்தட்ட இருநூறு பேரை இழந்தவருக்குப் பதக்கம் எதற்கு?” என்றார் மற்றொருவர். முன்னவர் கண்ணில் நீர் நின்றது. பின்னவர் குரலில் சூடு இருந்தது. மணி அடித்துவிட்டதால் தீர்ப்பு இல்லாமலே கூட்டம் கலைந்தது. கூட்டம் கலைந்த பிறகும் கேள்வி என்னுள் கலையவில்லை. ஆகவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

1971 டிசம்பர் 3ஆம் நாள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. மறுநாள் இரவே நம் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அந்த வெற்றியின் நினைவாகவே ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4ஆம் நாள் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், அதே கிழமையில் நிகழ்ந்த ஓர் இழப்பை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

சௌராஷ்டிரக் கரைக்கு அப்பால் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று திரிவதாகக் கடற்படைக்குத் தெரிய வந்தது. அதைத் தேடி அழிக்க ‘குக்ரி’, ‘கிர்பான்’ என்னும் இரண்டு ஃபிரிகேட் கப்பல்கள் பம்பாயிலிருந்து அனுப்பப்பட்டன. அவற்றின் உடன்பிறப்பான ‘குட்டார்’ கொதிகலன் பழுதினால் அந்த வேட்டையில் சேர முடியவில்லை. ‘குக்ரி’யின் தலைவர் காப்டன் மகேந்திரநாத் முல்லா. உத்தரப்பிரதேசத்துக் கோரக்பூரில் 1926இல் பிறந்தவர். 1948இல் கடற்படை அதிகாரி ஆனவர். அந்தக் கப்பல் அணி முழுவதற்கும் அவரே தலைவர்.

டிசம்பர் 9ஆம் நாள் இரவு 8.45 மணியை ஒட்டி, டையூவிலிருந்து சுமார் 40 கடல் மைல் தொலைவில், ‘ஹாங்கோர்’ என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. அதன் தலைவர் கமாண்டர் அகமது தஸ்னீம். ‘கிர்பா’னை நோக்கி அவர் விட்ட முதல் டார்பிடோ பலிக்கவில்லை. ‘குக்ரி’யை நோக்கி விட்ட இரண்டாவது பலித்தது. சில நிமிடங்களுக்குள் கப்பல் நீருக்குள் போய்விட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளுமாக 194 பேர் மாண்டனர். 60க்கும் மேற்பட்டோர் இரவெல்லாம் கடலில் மிதந்து, மறுநாள் மீட்கப்பட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுவே முதன்முறை.

அந்தச் சில நிமிடங்களில் முல்லா என்ன செய்தார் என்பதை உயிர் பிழைத்தவர்கள் கூறியிருக்கின்றனர். கப்பலைக் கைவிடும்படி ஆணையிட்டார். மிதவைகளையும் படகுகளையும் இறக்கச் செய்தார். திகைத்து நின்றவர்களைக் கடலில் குதிக்கும்படி விரட்டினார். தம் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். கடைசியாக அவரைக் கண்டவர்கள், கப்பலை நடத்தும் மேல்மேடையில் தம் நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கக் கண்டனர். இறந்த பின் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அவர் உருவத்தோடு அஞ்சல் தலை வெளியாயிற்று. டையூவில் கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிப் பேழைக்குள் ‘குக்ரி’யின் சிறு உருவம் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

இரண்டு குற்றச்சாட்டுகள்

இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் இரண்டு கேள்விகளை எழுப்பியிருக்கிறார்கள். அவற்றைக் கேட்பதே பாவம் என்று நாம் காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது.

முதற் கேள்வி, தாக்குதலுக்கு முந்தியது. நீர்மூழ்கி உலவும் கடலில் கப்பல்கள் வேகமாகவும் வளைந்து வளைந்தும் செல்ல வேண்டும் என்பது மாலுமிகளின் பாடம். நேர்கோட்டில் மெதுவாகச் செல்லும் கப்பலைக் குறி பார்ப்பது எளிது. ‘குக்ரி’யோ அன்று மாலை வேகத்தைக் குறைத்துச் சென்றுகொண்டிருந்தது. ஏன் அவ்வாறு சென்றது?

விடை இதுதான். நீருக்குள் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டு எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவிக்குச் சோனார் என்று பெயர். நம் கப்பலில் இருந்தது பழைய சோனார். அதன் காது கிட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கும். ‘ஹாங்கோ’ரோ பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட புதிய டாப்னே வகைக் கப்பல். அதன் காது பல மடங்கு தொலைவு கேட்கும். நாம் அதைக் கேட்பதற்கு நெடுநேரம் முன்னரே அது நம்மைக் கேட்டுவிடும். கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஹிராநந்தானியும் இந்த ஏற்றத்தாழ்வை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். இந்தக் குறையை ஓரளவேனும் போக்க, சோனாரின் கேட்கும் தொலைவைக் கூட்டும் புதிய கருவி ஒன்று ‘குக்ரி’யில் சோதிக்கப்பட்டது. கப்பல் வேகமாகச் சென்றால் அதன் இரைச்சலே சோனாரின் காதை அடைத்துவிடும். மெதுவாகச் சென்றால்தான் தெளிவாகக் கேட்கும். ஆகவேதான் வேகம் குறைந்தது. அக்கருவியை உருவாக்கிய இளம் அதிகாரியும் அக்கப்பலிலேயே இருந்தார். அவரும் கரை திரும்பவில்லை.

ஆக, முல்லாவின் முன் இருந்தவை இரண்டு வழிகள். வேகமாகச் சென்றால் தாக்குதலிலிருந்து தப்பலாம். ஆனால் எதிரியைக் கண்டுபிடிக்க முடியாது. மெதுவாகச் சென்றால் கண்டுபிடிக்கலாம். ஆனால் எதிரியின் குறிக்குள் விழ நேரும். அவர் அங்கே தப்புவதற்காக அனுப்பப்பட்டவர் அல்லர், தேடுவதற்காக அனுப்பப்பட்டவர். தேடுகின்ற வழியைத் தேர்ந்தார். அந்தத் தேர்வு பலிக்கவில்லை. பலிக்காத தேர்வு எல்லாம் அறியாமை ஆகிவிடுமா? ஆகாது. ஆனால், பலிக்காத தேர்வை ஆராயவே கூடாது என்று சொல்லவும் முடியாது. காது மந்தமான இரண்டு கப்பல்களைக் கூர்ங்காது படைத்த எதிரியிடம் அனுப்பியவர்கள் யார், அனுப்பியபோது வானூர்தித் துணை எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கேள்விகளும் அந்த ஆராய்ச்சியில் சேர வேண்டும். பழி என்பது மேலிருந்து கீழே வழியும் நீர் போன்றது. கடைசியில் நிற்பவன் தலையில்தான் முழுவதும் விழும்.

இண்டியானாபொலிஸ் கதை

இதே குற்றச்சாட்டு வேறொரு கப்பல் தலைவன்மேல் சுமத்தப்பட்டதையும், அதன் முடிவையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1945 ஜூலை 30ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், ‘இண்டியானாபொலிஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று பசிபிக் கடலில் மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேரில் பிழைத்தவர்கள் 316 பேரே. கப்பல் வந்து சேரவில்லை என்பதையே கடற்படை கவனிக்காததால், நான்கு நாள்களுக்கு மேல் அவர்கள் கடலில் மிதந்து, தாகத்தாலும் சுறாக்களாலும் மடிந்தனர். தலைவர் சார்லஸ் மெக்வே பிழைத்தார். பிழைத்ததனாலேயே அவர்மேல் வழக்கு வந்தது. கப்பலை வளைந்து வளைந்து செலுத்தவில்லை என்று கூறி, இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்தக் கப்பலை மூழ்கடித்த ஜப்பானியத் தலைவர் ஹாஷிமோட்டோவே சாட்சிக் கூண்டில் ஏறி, “வளைந்து சென்றிருந்தாலும் நான் தாக்கியிருப்பேன்” என்னும் கருத்துப்படச் சொன்னார். அதனால் பயன் விளையவில்லை. மாண்டவர்களின் உற்றார் சிலர் ஆண்டுதோறும் மெக்வேக்கு வசைக் கடிதம் எழுதினர். 1968இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஹன்டர் ஸ்காட் என்னும் பள்ளிச் சிறுவன் தன் வகுப்பு வரலாற்றுப் பணிக்காக உயிர் பிழைத்த மாலுமிகளுக்குக் கடிதம் எழுதினான். விடைகள் வந்து குவிந்தன. பிழைத்த மாலுமிகள் தம் தலைவருக்காக நெடுங்காலம் எழுப்பிய குரலோடு அவன் குரலும் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் மெக்வேயின்மேல் இருந்த பழியைத் துடைக்கும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. வரலாறு படிப்பதால் என்ன பயன் என்று நம்மைக் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

இரு தலைவர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே கேள்வி. ஒருவர் மாண்டார், அவருக்குப் பதக்கம். மற்றவர் பிழைத்தார், அவருக்குக் கூண்டு. நாடுகள் வேறு, சூழ்நிலைகள் வேறு என்பது உண்மையே. ஆயினும், செத்தவன் வீரன், பிழைத்தவன் குற்றவாளி என்று மக்கள் மனம் தானாகவே பிரித்துவிடுகிறது அன்றோ? அது நீதியாகுமா? சாவு ஒருவனுடைய முடிவைச் சரியாக்கிவிடுவதும் இல்லை. உயிரோடு இருப்பது அதைத் தவறாக்கிவிடுவதும் இல்லை.

விலகிச் சென்ற துணைக் கப்பல்

இரண்டாம் குற்றச்சாட்டு ‘கிர்பான்’ பற்றியது. ‘குக்ரி’ மூழ்கியதும் ‘கிர்பான்’ நீர்மூழ்கியைத் தாக்க முயன்றது. அதன்மேலும் டார்பிடோ ஒன்று ஏவப்பட்டது. பிறகு அது அவ்விடத்தை விட்டு விலகிச் சென்று, மறுநாள் ‘கட்சால்’ என்னும் கப்பலோடு திரும்பி வந்து மிதந்தவர்களை மீட்டது. இரவெல்லாம் தோழர்கள் தண்ணீரில் தத்தளிக்க, விட்டுப் போகலாமா என்று கேட்கிறோம். கேட்கத்தான் தோன்றும்.

இங்கே 1914 செப்டம்பர் 22ஆம் நாளை நினைவுகூர வேண்டும். அந்த நாள் தமிழர்க்கு நன்கு தெரிந்த நாள். ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய இரவு அது. வல்லவனை ‘எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்வது அதனால்தான். அதே நாள் காலையில் வடகடலில் மற்றொன்று நிகழ்ந்தது. ‘அபூகிர்’ என்னும் ஆங்கிலக் கப்பலை ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கிற்று. மூழ்குவோரைக் காப்பாற்ற ‘ஹோக்’ நின்றது; அதுவும் தாக்கப்பட்டது. ‘கிரெஸ்ஸி’யும் நின்றது; அதுவும் போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கப்பல்கள். 1,400க்கும் மேற்பட்ட உயிர்கள். நீர்மூழ்கி சுற்றும் கடலில் மீட்புக்காக நிற்காதே என்ற கொடிய பாடத்தை உலகத்துக் கடற்படைகள் எல்லாம் அந்தக் காலை ஒன்றிலேயே கற்றுக்கொண்டன. ‘கிர்பான்’ நின்றிருந்தால் இரண்டாவது ‘குக்ரி’ ஆகியிருக்கக் கூடும். தண்ணீரில் கிடந்தவனுக்கு இந்த நியாயம் கசக்கும்; கசப்பதும் நியாயமே. ஆனால் நியாயம் கசப்பதாலேயே பொய்யாகிவிடாது.

உயிர் விடுவது கடமையா?

இனிக் கடைசிக் கேள்விக்கு வருவோம். முல்லா கப்பலோடு போனது சரிதானா?

கப்பல் தலைவன் கடைசியாக வெளியேற வேண்டும் என்பது கடல் மரபு. கப்பலோடு சாக வேண்டும் என்பது விதி அன்று. பயிற்சியும் பட்டறிவும் மிக்க ஒரு தலைவனின் உயிர் நாட்டின் செல்வம். அதை வீணே இழக்கக் கூடாது என்று வாதிப்போரின் சொல்லில் பொருள் இருக்கிறது. ஆகவேதான், ‘கப்பலோடு உயிர் விட்டார், ஆகையால் பெரியவர்’ என்று என் நண்பர் சொன்னதை அப்படியே ஏற்க என் மனம் தயங்குகிறது.

சேரமானையும் முல்லாவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சேரமான் நாணத்தால் உயிர் துறந்தான். வடக்கிருத்தல் தன் மானத்துக்காகச் செய்வது. அதன் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்த உண்ணா நோன்பினால் களத்தில் கிடந்த வேறொரு சேர வீரன் பிழைத்தான் என்று சொல்ல முடியாது. முல்லாவின் கடைசி நிமிடங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவர் முதலில் நாற்காலியைத் தேடிப் போகவில்லை. முதலில் ஆணை, பிறகு மிதவை, பிறகு தயங்கியவர்களைத் தள்ளுதல், பிறகு தம் சட்டை. இவ்வளவும் முடிந்த பிறகே நாற்காலி. நமக்கு ஓவியமாகத் தெரிவது கடைசிக் காட்சிதான். நாம் வணங்க வேண்டியதோ அதற்கு முந்திய காட்சிகளை. அந்தச் சட்டையை அணிந்த மாலுமிக்குத் தலைவனின் சாவு உதவவில்லை. தலைவனின் கொடை உதவிற்று.

தலைவனின் மானம் பிறர் உயிரைக் குடிப்பதும் உண்டு. ‘எம்டன்’ கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லரை எடுத்துக்கொள்வோம். 1914 நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளின் அருகே, ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’யிடம் அவர் தோற்றார். சிதைந்த கப்பலைக் கடலில் மூழ்க விடாமல் பவளப்பாறைமேல் ஏற்றி நிறுத்தினார். அதனால் எஞ்சிய பலர் பிழைத்தனர். அது பெருஞ்செயல். ஆனால், கப்பலில் அவர் கொடி இறக்கப்படாமல் பறந்துகொண்டிருந்தது. சரணா என்று கேட்ட ‘சிட்னி’க்கு விடை வரவில்லை. ‘சிட்னி’ மீண்டும் சுட்டது; மேலும் சிலர் மாண்டனர். அதன் பிறகே கொடி இறங்கிற்று. எதிரிகளே மதித்துப் போற்றிய அந்த வீரருடைய ஒரு நாளில் உயிர் காத்த செயலும் இருக்கிறது. உயிர் போக்கிய தாமதமும் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிட முடியுமா?

எங்கள் ஊர்க் கணக்கு

இந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊர்க் கணக்கு முறையிலே எனக்குக் கிடைத்தது. என் ஊர் இளையாத்தங்குடி. நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றான கயிலாசநாதர் – நித்தியகல்யாணி கோயில் உள்ள ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாத செம்மண் பூமி; ஆயினும் கடலால் வாழ்ந்த பூமி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ‘கொண்டு விற்க’ப் போனவர்கள் இந்தச் சீமைக்காரர்கள். கடைக்கு உரிய முதலாளி ஊரில் இருப்பார். அவர் நம்பி அனுப்பும் ஏஜண்டு அக்கரையில் இருப்பார். அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். மூன்றாண்டு கழித்து ஏஜண்டு ஊர் திரும்பினால் கணக்குப் பார்க்கப்படும். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், முடிவில் ஐந்தொகை. கப்பல் தலைவனைப் போலத்தான் ஏஜண்டும். உடைமை பிறருடையது, முடிவு தன்னுடையது, விடை சொல்ல வேண்டியவனும் தானே.

எங்கள் ஐயா தம் தகப்பனாரிடம் கேட்டு எனக்குச் சொன்ன செய்தி இது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மேல் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவில் ஒரு சிற்றூரில் கடை நடத்திய ஏஜண்டு ஒருவர், முதல் குண்டு விழுந்ததுமே தம்மிடம் வேலை பார்த்த மூன்று பையன்களையும் ரங்கூனுக்கு அழைத்துச் சென்று, எப்படியோ கப்பலில் இடம் பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டார். தமக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் கால்நடையாக மலையும் காடும் கடந்து, எலும்பும் தோலுமாய் ஊர் வந்து சேர்ந்தார். கையில் கணக்குச் சுவடி மட்டும் இருந்தது.

முதலாளி கணக்கைப் பார்த்தார். போருக்கு முந்திய ஆண்டில், ‘புதுக் கடன் கொடுக்க வேண்டாம்’ என்று ஊரிலிருந்து எழுதியும், நெல் நிலங்களின்மேல் கூடுதலாகக் கடன் கொடுத்திருந்தது தெரிந்தது. ‘போர் வந்து எல்லாமே போய்விட்டதே, இனி இதை எழுதுவானேன்’ என்றார்களாம் பக்கத்தில் இருந்தவர்கள். முதலாளி கேட்கவில்லை. அந்தக் கடனை அந்த ஏஜண்டின் பொறுப்பில் விளைந்த நட்டம் என்றே எழுதச் சொன்னார். எழுதி முடிந்ததும் எழுந்து வந்து, அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டீரய்யா” என்றாராம். அந்த மூன்று பையன்களுள் ஒருவர்தான் எங்கள் ஐயாவின் தகப்பனார். அன்று அந்த மனிதர் கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்காமல் இருந்திருந்தால், இன்று இதை எழுத நான் இல்லை.

நட்டத்தை நட்டம் என்று எழுதிய கையும், நன்றியோடு பற்றிய கையும் ஒரே கைதான். நன்றிக்காக நட்டத்தை மறைக்கவில்லை. நட்டத்துக்காக நன்றியை மறக்கவில்லை. கடைக் கணக்கில் வரவையும் பற்றையும் கழித்து மிச்சம் காணலாம். மனிதனின் கணக்கில் அப்படிக் கழிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் எழுதியபடியே நிற்க வேண்டும்.

என் தீர்ப்பு

காப்டன் முல்லாவின் கணக்கையும் அப்படியே எழுதலாம் என்று எண்ணுகிறேன். ஒரு பக்கத்தில், அன்று மாலை அவர் செய்த தேர்வு. அதைக் கடற்போர் அறிந்தவர்கள் தயங்காமல் ஆராயட்டும். எந்தக் கருவியோடு, எந்தத் துணையோடு, யார் அனுப்பினார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதட்டும். மறு பக்கத்தில், அந்தச் சில நிமிடங்கள். அங்கே குறை சொல்ல எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பதக்கம் இந்தப் பக்கத்துக்கு உரியது. அது முதற் பக்கத்தை மூடும் துணியாகப் பயன்பட வேண்டாம்.

ஆராய்வதால் மாண்டவருக்கு இழுக்கு வரும் என்று அஞ்சுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 194 வீடுகளில் விளக்கு அணைந்தது. அந்த வீடுகளுக்குப் புகழுரை மட்டும் போதாது. ஏன் என்ற கேள்விக்கு விடையும் வேண்டும். அடுத்த கப்பலில் ஏறும் பிள்ளைக்கு நல்ல காதுள்ள கருவி கிடைப்பது, முந்திய கப்பலைப் பற்றி யாரோ ஒளிக்காமல் எழுதியதால்தான். முல்லா தம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது தம் மாலுமிகள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. அவர் தவறியிருந்தால் அந்தத் தவற்றை ஆராய்ந்து, நாளைய மாலுமிகளைப் பிழைக்கச் செய்வது அவர் விருப்பத்துக்கு மாறானது ஆகுமா?

‘குக்ரி’ என்னும் பெயரை நம் கடற்படை கைவிடவில்லை. 1989இல் அதே பெயரோடு புதிய கப்பல் ஒன்று பணியில் சேர்ந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றபின், அதுவும் டையூவுக்கே அருங்காட்சிப் பொருளாக அளிக்கப்பட்டது. வென்ற ‘ஹாங்கோ’ரும் பணி முடிந்து கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டு கரைகளிலும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். ஒரு கரையில் வெற்றி என்றும் மறு கரையில் தியாகம் என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் பாதி உண்மை.

நம்முள் சிலர் நாளை ஆசிரியர்களாவோம், சிலர் அதிகாரிகளாவோம், சிலர் படையிலும் சேர்வோம். எவ்வளவு சிறிய பொறுப்பாயினும், நம்மை நம்பி நாலு பேர் ஏறும் கப்பல் ஒன்று நம் கைக்கு வரும். அது ஒருநாள் மூழ்கவும் கூடும். அப்போது நம்மை உலகம் இரண்டு கேள்வி கேட்கும்: மூழ்குவதற்கு முன் என்ன செய்தாய்? மூழ்கும்போது என்ன செய்தாய்? முதற் கேள்விக்கு அறிவு விடை சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு நெஞ்சு விடை சொல்ல வேண்டும். இரண்டையும் இப்போதிருந்தே பழக்கி வைப்பதுதான் கல்வி.

— மூன்றாம் ஆண்டு, வரலாறு